இழுத்துக் கட்டிய குழாய்

ஆம்பூர்
14.7.2025, திங்கள், காலை 7.40
இதுவரை கண்ணுக்குத் தெரிந்த விரிசல்கள்: பதினொன்று

திருமதி கௌசர் அவர்களுக்கு,

"இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று சனிக்கிழமை நிலையத்தின் கமிட்டிக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். கொடுக்கிறேன். உர்தூவில் எழுத நம் இரண்டு பேருக்கும் வராது. ஆங்கிலத்தில் எழுதினால் அது கம்பெனிக் கடிதமாகிவிடும், எங்கள் முதலாளி அப்துல் ஹமீத் பாய் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதனால் தமிழ். கழிவுநீர் நிலையத்தின் பராமரிப்புப் பொறியாளருக்கு, குழாயைச் செய்து கொடுத்த ஷெட்டின் வெல்டிங் இன்ஸ்பெக்டர் எழுதுவது. நான் உங்கள் தம்பி என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயம்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து வரும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிச் சுண்ட வைக்கிற இடத்தில், உப்புக் குழம்பு சுற்றிவரும் பழைய குழாய் அரித்துப் போனது. பக்ரீதுக்கு முன்னால் புதுசு வேண்டும் என்றீர்கள். பக்ரீத் முடிந்த மறுநாளே ஊர் முழுக்கத் தோல் வந்து இறங்கும், நிலையம் நின்றால் டேனரிகளும் நிற்கும் என்றீர்கள். பன்னிரண்டு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) குழாய், சுவர் பதினெட்டு மில்லிமீட்டர் தடிமன். மே மாதம் எங்கள் ஷெட்டில் வெல்டிங் நடந்தது. செய்தவன் ஜீவா. எக்ஸ்ரே எடுத்தோம், ஒரு குறையும் இல்லை. தண்ணீர் அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டு வரவில்லை. ஜூன் முதல் வாரம் மாட்டினோம். ஜூலை பத்தாம் தேதி வெல்டிங் ஓரத்தில் கசிவு.

சனிக்கிழமை நீங்கள் எழுதிய அறிக்கையில் காரணத்துக்கு ஒரே வரி. "வெல்டரின் பணிக்குறைபாடு. வெல்டர்: ஜீவா."

அன்று சாயங்காலமே அப்துல் ஹமீத் பாய் ஜீவாவின் வெல்டர் தகுதி அட்டையை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். ஜீவாவுக்கு ஓமானில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. மெடிக்கல் முடிந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் அட்டையைக் காட்டவில்லையென்றால் சென்னை ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பிவிடுவான். இதற்காக அவன் எத்தனை நாளாக அலைந்தான் என்று உங்களுக்குத் தெரியும். அவன் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நீங்கள்தான்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். அந்த வரியை எடுங்கள். விரிசல் விழுந்த இடத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுங்கள், எங்கிருந்து ஆரம்பித்தது என்று நான் பார்க்கிறேன். உங்கள் வேன் டிரைவர் காசி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சுஹேல் அகமது
வெல்டிங் இன்ஸ்பெக்டர்

*

நிலையம்
16.7.2025

சுஹேல்,

உறையின் மேல் "திருமதி கௌசர் அவர்களுக்கு" என்று பார்த்துவிட்டு ஏதோ பேங்க் நோட்டீஸ் என்று ஓரமாக வைத்துவிட்டேன். காசி அண்ணன்தான் மத்தியானம் வந்து, "இன்னாம்மா, தம்பி லெட்டர் படிச்சிட்டியா? போன்ல பேசுனா எவனாவது புடிச்சிக்கிறானா உங்கள? ஒருத்தருக்கொருத்தர் கவரு ஒட்டி அனுப்புறீங்க" என்று சிரித்தார். அப்புறம்தான் பிரித்தேன்.

நான் எழுத்தில் கேட்டது இன்ஸ்பெக்ஷன் விவரத்தை. சண்டையை அல்ல. சரி, நீ ஆரம்பித்துவிட்டாய்.

அந்த வரி என் கற்பனையில் வந்ததில்லை. கமிட்டித் தலைவர் உன்னைத்தான் முதலில் கேட்டார். "இன்னா தம்பி, புதுக் கொழாய் ரெண்டு மாசங்கூட தாங்கலியே?" அவர் பொறுமையாகத்தான் கேட்டார். நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது: "என் எக்ஸ்ரே சரியா இருக்கு. வெல்டிங் பத்தி வெல்டரைக் கேளுங்க." சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொறுப்பு இன்ஸ்பெக்டருடையது இல்லை என்று இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டால் நான் வேறு எதை எழுதுவது? இப்போது ஜீவாவுக்காக நீ என்னிடம் சண்டை போடுகிறாய். அன்றைக்கே அந்த வாயைக் கொஞ்சம் மூடியிருக்கலாம்.

துண்டு வெட்டித் தர முடியாது. கசிவின் மேல் பட்டை வளைத்துப் போல்ட் போட்டு, எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பக்ரீத் தோல் இன்னும் தொட்டிகளில் ஊறிக்கொண்டிருக்கிறது. வெட்டினால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பத்துப் பேர் போன் செய்து என்னைக் கேட்பார்கள், உன்னை இல்லை.

நானும் ஒன்று கேட்கிறேன். மாட்டும்போது குழாய் முனையின் வளையமும் எங்கள் பக்கத்து வளையமும் நேர்கோட்டில் வரவில்லை. போல்ட் நுழையவில்லை. செயின் பிளாக்கின் சங்கிலியைப் போட்டு இழுத்து நுழைத்தீர்கள். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். எத்தனை மில்லிமீட்டர் இழுத்தாய்?

நீ வருவாய் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை நான் நம் அம்மி வீட்டுக்குப் போகவில்லை. நான் வருவேன் என்று நினைத்து நீயும் போகவில்லையாம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் செய்த கீமாவை அம்மி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்து அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

கௌசர்

*

ஆம்பூர்
18.7.2025, வெள்ளி

ஆபா,

ஏழு மில்லிமீட்டர். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

ஏன் ஏழு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்.எஸ். சாதா இரும்பு மாதிரி இல்லை. அதே சூட்டுக்கு அதைவிட ஒன்றரை மடங்கு விரியும். சூட்டைப் பக்கத்துக்குக் கடத்தாமல் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். ஆறும்போது விரிந்த அளவுக்குச் சுருங்கும். தடித்த குழாயின் வெல்டிங் மூட்டை ஒரே சுற்றில் நிரப்ப முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துச் சுற்றாவது போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஆறும்போது குழாயைத் தன் பக்கம் ஒரு இழுப்பு இழுக்கும். சும்மா விட்டால் கோணிக்கொண்டு போகும், அளவும் குறையும். கோணக் கூடாது என்று கனமான இரும்புச் சட்டம் செய்து குழாயின் இரண்டு முனையையும் அதில் பூட்டினேன். அது நான் எடுத்த முடிவு. அளவு அசையாமல் நின்றது. ஆனால் நகரவிடாமல் பிடித்துவைத்தால் சுருங்க நினைத்தது எல்லாம் இழுவிசையாக உள்ளேயே தங்கிவிடும். சட்டத்தைக் கழற்றியதும் வில் மாதிரி துள்ளியது. துள்ளியது ஏழு. துள்ளாமல் உள்ளே தங்கியது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு வெட்டி மறுபடி செய்ய ஒரு வாரம் ஆகியிருக்கும். பக்ரீத் அந்தச் சனிக்கிழமை. யார் தேதி கொடுத்தது?

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் மூட்டு நூற்றைம்பது டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். மே மாதம், தகரக் கூரை, ஷெட்டுக்குள் நிற்கவே முடியவில்லை. தானாக ஆறட்டும் என்று ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்திருந்தால் வேலை முடியாது. அதனால் ஈரச் சாக்கைச் சுற்றி ஆற்றினோம். இந்த ஊரில் எந்த ஷெட்டிலும் நடக்கிறதுதான். நீங்களே காசி அண்ணனிடம் ஒரு கட்டுச் சாக்கு அனுப்பினீர்கள். ஜீவாவுக்கு ஏக குஷி. குழாய்க்கு ஒன்று சுற்றிவிட்டு, தன் கழுத்திலும் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்தான். சாயங்காலம் கழுத்தெல்லாம் சிவந்து கிடந்தது. "எரியுது சார். உங்க அக்கா குடுத்த சாக்குல மொளகாத்தூளா கட்டி வெச்சிருந்தாங்க?" என்றான். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள்கூட அவன் நேரத்தைக் குறைத்து வேலை செய்ததில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இழுவிசை மட்டும் எஸ்.எஸ்ஸைப் பிளக்காது. இழுவிசை, சூடு, குளோரைடு மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும். உப்பில் இருக்கிற அதே குளோரைடுதான். இழுவிசை என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டும் யாருடையது? குழாய்க்குள் ஓடுவது உங்கள் உப்புக் குழம்பு. பக்ரீதுக்குப் பிறகு தண்ணீர் ஜாஸ்தி வந்ததும் சூட்டை ஏற்றி ஓட்டினீர்களா இல்லையா? அதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ஜீவா நேற்று ஷெட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. பைக்கை ஆஃப் பண்ணாமல் கேட்டுக்கு வெளியே நின்றபடி, "அட்டை எப்ப குடுப்பாங்க சார்?" என்று மட்டும் கேட்டான். சீக்கிரம் என்றேன். போய்விட்டான்.

சுஹேல்

*

நிலையம்
22.7.2025

சுஹேல்,

சூட்டை ஏற்றி ஓட்டினோம். வரையறைக்கு எட்டு டிகிரி மேலே. பதிவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் நீ நினைப்பது போல் இல்லை. எப்படி எழுதுவது என்று நேற்றிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நேற்று மத்தியானம் இரண்டாவது மூட்டிலும் சொட்ட ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் நிறுத்தினோம். குழாயின் மேல் சுற்றியிருக்கிற இன்சுலேஷனை முழுக்கப் பிரித்தேன். சிவப்புச் சாயம் தடவிப் பார்த்தோம். விரிசல் வெளிப்பக்கம் அகலமாக இருக்கிறது, உள்ளே போகப் போக மயிரிழை. வளையத்தைக் கழற்றி டார்ச் அடித்துக் கையை விட்டுப் பார்த்தேன், உள்சுவர் வழவழவென்று இருக்கிறது. வெளியிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறது. கசிவதற்கு முன்னால் என் உப்புக் குழம்பு வெளியே வந்து குழாயைத் தொட வழியில்லை.

வெளிப்பக்கம் மூட்டைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குத் துரு. எஸ்.எஸ்ஸில் துரு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். துரு புள்ளிபுள்ளியாக, குறுக்கும் நெடுக்குமாக, கட்டம்கட்டமாக இருந்தது. சாக்கின் நெசவு. அச்சு மாதிரி அப்படியே பதிந்திருக்கிறது. ஒரு இடத்தில் சாக்கு மடிந்திருந்த மடிப்புக்கூடத் தெரிகிறது.

சுத்தமான தண்ணீரில் அந்த இடத்தைத் துடைத்து, துடைத்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். மோர் மாதிரி வெளுத்துவிட்டது. குளோரைடு.

டேனரிகளில் தோலை ஊற வைப்பதற்கு முன் உதறி எடுக்கிற உப்பைச் சாக்கில் கட்டி எங்கள் கிடங்குக்கு அனுப்புகிறார்கள், தெரியும் உனக்கு. கொட்டிவிட்டு வெறும் சாக்கை ஓரத்தில் போடுவார்கள். ஊரில் பாதி வீட்டில் கால் துடைக்கிற சாக்கு அதுதான். நீ சாக்கு கேட்டு போன் செய்தபோது நான் கிடங்குக்குப் போன் செய்தேன். "தொவச்ச சாக்குதாம்மா" என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. காசி அண்ணனிடம் ஏற்றச் சொன்னேன். துவைத்தாலும் சணலுக்குள் உப்பு இருக்கும் என்பது கெமிக்கல் படித்த எனக்குத் தெரியாதா? அன்றைக்குத் தோன்றவில்லை. ஜீவாவின் கழுத்து எரிந்தது அதனால்தான். நீ எழுதியதைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

சாக்கை எடுத்த பிறகு உப்பு அங்கேயே தங்கியது. அதன் மேல் இன்சுலேஷன் சுற்றி, மேலே மழைத்தண்ணீரும் கசிந்து, கீழே சூட்டையும் ஏற்றிவிட்டோம்.

நான் இதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு நாள் கொடு. பயன்படுத்தாத சாக்கு ஒன்றையும் சோதிக்க வேண்டும். அறிக்கை சரியாக எழுத வேண்டும். இந்த நாற்காலிக்கு வர எனக்கு ஆறு வருஷம் ஆனது, அது போகும் என்பதை வீட்டில் இவரிடமாவது முதலில் சொல்ல வேண்டும். வியாழன் காலை நானே கமிட்டியில் கொடுக்கிறேன். அதுவரை யாரிடமும் பேசாதே. உனக்குக் கஷ்டம் என்று தெரியும். ரெண்டே நாள்.

கௌசர்

*

ஆம்பூர்
23.7.2025, புதன், காலை

ஆபா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தால், இல்லை. சாக்கைச் சுற்றிய கை எங்கள் கைதான். அது எங்கிருந்து வந்த சாக்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்கள் அனுப்பியது என்பதால் கேட்கவில்லை.

ஆனால் வியாழன் எதற்கு? இன்று காலை ஜீவாவுக்கு ஏஜென்டிடமிருந்து போன் வந்திருக்கிறது. மாதக் கடைசி இல்லையாம், நாளை சாயங்காலத்துக்குள் அட்டை வேண்டுமாம். நாளைக் காலை நீங்கள் கொடுத்து, அதை நாலு பேர் படித்து, பாய்க்குப் போன் வந்து, டிராயர் திறந்து, எப்போது நடப்பது? இன்று மாலை கமிட்டி கூடுவதாகக் காசி அண்ணன் சொல்கிறார். அறிக்கையை எழுதிக்கொண்டே இருந்தால் முடியாது ஆபா. உண்மை தெரிந்த பிறகு தேதி பார்ப்பது எனக்குப் புரியவில்லை.

இதில் பாதி என்னுடையது. என் பாதியை நான் சொல்லலாம் அல்லவா?

சுஹேல்

*

நிலையம்
26.7.2025

சுஹேல்,

புதன்கிழமை மாலை நீ கமிட்டி அறைக்கு வந்தபோது நான் பக்கத்து அறையில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். நடுவில் மரத் தடுப்புதான். உன் குரல் முழுக்கக் கேட்டது.

உன் பாதியை நன்றாகச் சொன்னாய். சட்டத்தில் பூட்டியது, ஏழு மில்லிமீட்டர், செயின் பிளாக், எதையும் விடவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதோடு நிறுத்தவில்லை. "சாக்குல உப்பு இருந்துச்சு. நிலையத்துலருந்து வந்த சாக்கு. ஆபாக்குத் தெரியும், முந்தாநாளே தெரியும், வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றாய்.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "முந்தாநாளே தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். என் மேஜையில் ஐந்து பக்க அறிக்கை தயாராக இருந்தது. ஜீவாவின் பேர் முதல் பக்கத்திலேயே, குறை அவனுடையது இல்லை என்று, தடித்த எழுத்தில். போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் முதலில் தேதியைப் பார்த்தார். வியாழக்கிழமை தேதி போட்டிருந்தேன். மாட்டிக்கொண்ட பிறகு அவசரமாக எழுதியது மாதிரி இருந்தது. நானே அவர் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். மூடி வைத்துவிட்டு, "இருக்கட்டும்மா" என்றார்.

முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஜீவா பேரில் இருந்த வரி நீக்கப்பட்டது. வியாழன் மத்தியானம் உங்கள் பாயிடம் அதற்கான கடிதம் போனது, அட்டையை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த விஷயத்தில் நீ அவசரப்பட்டது சரிதான், நான் காலையில் கொடுத்திருந்தால் ஏஜென்டுக்கு நேரத்தில் போயிருக்குமா என்று எனக்கே சந்தேகம். உங்கள் ஷெட் புதுக் குழாய் செய்து தர வேண்டும். பராமரிப்புக்கு வேறு ஆள் வருகிறார். நான் உப்புக் கிடங்குக்குப் பொறுப்பு. அங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொரு சாக்கையும் நான் பார்த்துத்தான் அனுப்ப வேண்டுமாம். தலைவர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை, அதனால் நிறுத்திக்கொண்டேன்.

கோபமா என்று கேட்டால் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். கிடங்கில் ஃபேன் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புடவையை உதறி உதறித்தான் உள்ளே போகிறேன். மாமியார் மட்டும், "உன் தம்பியா சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

நான் உன்னிடம் கேட்டது ரெண்டு நாள். ஒரு நாள் பொறுத்தாய். மறுநாள் காலை பத்து மணிவரை முடியவில்லை. காலையில் நீ எழுதிய கடிதம் நீ பேசி முடித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. அதற்குள் நீ என்னிடம் வந்து, "ஆபா, நேரம் இல்ல, இன்னிக்கே குடுங்க" என்று சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேன். தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

எழுத்தில் கொடு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் எழுத வேண்டாம். பேசவும் இப்போதைக்கு வேண்டாம்.

கௌசர்

*

ஆம்பூர்
3.8.2025, ஞாயிறு

ஆபா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். காசி அண்ணன் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். "அந்தப் பொண்ணு மொகம் பாக்கவே பேஜாரா கீது சார். நீ வேற" என்றார். கெஞ்சித்தான் கொடுத்தேன்.

நேற்றுக் காலை ஜீவா காட்பாடியில் ரயில் ஏறினான். சென்னை போய் அங்கிருந்து விமானம். அவன் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். அவன் வீட்டாட்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவன் அம்மா எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அது இன்னும் சங்கடமாக இருந்தது. தகுதி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தான், நடுவில் நடுவில் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கழுத்து பரவாயில்லையா என்று கேட்டேன். அது அப்பவே சரியாயிடுச்சு என்றான். ரயில் வருகிறது என்று அறிவித்த பிறகுதான் அவன் பேசினான்.

"கமிட்டியில 'வெல்டரைக் கேளுங்க'ன்னு சொன்னீங்களாமே சார்?"

ஆமாம் என்றேன்.

"யாருமே வந்து கேக்கலியே."

அவ்வளவுதான். திட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவன் அம்மாவைப் பார்த்துக் கையாட்டினான். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றதால் எனக்கும் சேர்த்து ஆட்டினான் என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். சமாதானமாக ஏதாவது எழுதலாமா என்று யோசித்தேன். எனக்கு அது வராது. எழுதினாலும் அறிக்கை மாதிரிதான் இருக்கும். உங்கள் நாற்காலியைத் திருப்பித் தர என்னால் முடியாது. குழாயைச் சரியாகச் செய்ய முடியும். அம்மியிடம் இன்று காலை போனேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள்.

இனி நான் செய்யப் போவது:

1. ஷெட்டில் இருக்கிற எல்லாச் சாக்கையும் நாளைக் காலை வெளியேற்றுவேன். வெல்டிங் பக்கம் சாக்கும் வராது, ஈரத் துணியும் வராது, போர்வெல் தண்ணீரும் வராது. இந்த ஊர்த் தண்ணீரிலேயே உப்புதான்.

2. குழாயின் விளிம்பை அகலமாகச் சீவ மாட்டேன். லேத்தில் ஒடுக்கமாகக் கடைந்து எடுப்பேன். நிரப்புகிற உலோகம் கம்மியானால் சுற்றும் கம்மி, சுருக்கமும் கம்மி. லேத் வேலை ஜாஸ்தி என்று அப்துல் ஹமீத் பாய் கத்துவார். கத்தட்டும்.

3. சுருங்கப் போகிற அளவை முன்னாலேயே கூட்டி வெட்டுவேன். முதல் மூட்டை முடித்து, ஆறவிட்டு, அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த துண்டை வெட்டுவேன்.

4. இரண்டு வெல்டர்கள் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் போடுவார்கள். ஒரு பக்கம் இழுப்பதை மறுபக்கம் ஈடுகட்டும். ஒருவர் இன்பராஜ், இன்னொருவரை அவரே கூட்டி வருகிறார்.

5. ஒரு முனையை மட்டும் பிடிப்பேன். மறுமுனை சும்மா இருக்கும், அது தன் இஷ்டத்துக்கு நகரட்டும். சட்டத்தை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

6. கடைசி வெல்டிங் மூட்டை ஷெட்டில் போட மாட்டேன். நிலையத்துக்குக் கொண்டுவந்து, இருக்க வேண்டிய இடத்தில் தொங்கவிட்டு, போல்ட் கையாலேயே நுழைகிறதா என்று பார்த்த பிறகு போடுவேன். செயின் பிளாக் வேனில் ஏறாது.

7. ஆரம்பிக்கும் முன்னால் இன்பராஜிடம் கேட்பேன். முடித்த பிறகும் கேட்பேன்.

8. உங்கள் அறிக்கை நான் வருவதற்கு முன்பே தயாராக இருந்தது என்று தலைவரிடம் போய்ச் சொல்ல நினைக்கிறேன். சொல்லட்டுமா, வேண்டாமா என்று நீங்கள் சொல்லும்வரை போக மாட்டேன். சொல்லவே இல்லையென்றால் போகவே மாட்டேன்.

9. கடைசி மூட்டு போடுகிற இடம் உங்கள் உப்புக் கிடங்கின் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அது தானாக ஆற வேண்டும். இந்த வெயிலில் நேரமாகும். அதுவரை நான் வேறு எங்கேயும் போக மாட்டேன், போனையும் பார்க்க மாட்டேன், குழாய்க்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது ஸ்டூல் ஒன்றும் கொண்டுவருவேன். நீங்கள் வர வேண்டும் என்று எழுதவில்லை. நான் எங்கே இருப்பேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

சுஹேல்